ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் முதலில் வக்கீல்

பாளையங்கோட்டை கோர்ட்டு வளாகத்தில் பல வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். கிரிமினல் வழக்கு என்று எங்கள் ஆபீஸ் படியேறுகிறவர்களில் பாதிப் பேர், கைதானவரின் மனைவியோ தம்பியோதான். "சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிருவோம்னுதான் சொன்னாங்க அண்ணாச்சி" என்று ஆரம்பிப்பார்கள். அந்த விசாரணைக்குப் போவதற்கு முந்தின நாள் வந்திருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாம். குற்றப்பத்திரிகை தாக்கலாகட்டும், சம்மன் வரட்டும், அப்புறம் வக்கீல் பார்ப்போம் என்று இருந்துவிடுகிறார்கள். வழக்கின் போக்கு முடிவாவது அதற்கு வெகு முன்னாலேயே.

ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் பதறாமல் சில விவரங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்டேஷன், பேசுகிறவர் பெயர், பதவி, புகார் கொடுத்தவர் யார், மனு ரசீது மட்டும் போட்டிருக்கிறதா, எஃப்.ஐ.ஆரே போட்டாயிற்றா. நம் ஊரில் புகார் போனதும் பெரும்பாலும் முதலில் சி.எஸ்.ஆர். நம்பர்தான் விழும், அதாவது அந்த மனு ரசீதின் நம்பர். எஃப்.ஐ.ஆர். ஆகியிருந்தால் தமிழ்நாடு போலீஸ் இணையதளத்திலேயே பார்க்கலாம். பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகள் தவிர மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது.

எழுத்தில் நோட்டீஸ் வந்தால் எந்தப் பிரிவு என்று பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய நடைமுறைச் சட்டம் வந்துவிட்டது. 179 என்றிருந்தால் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் அந்தப் பிரிவில் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும். 35(3) என்றிருந்தால் உங்கள் மேலேயே சந்தேகம். அதற்குக் கட்டாயம் போக வேண்டும். சொன்னபடி ஆஜரானால், காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது. போகாமல் இருந்தால் அதையே காரணமாக வைத்துக் கைது செய்யலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் 35 நோட்டீஸ் முறையானதல்ல என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அதற்காகப் பேசாமல் இருந்துவிடாதீர்கள், வக்கீலிடம் காட்டி எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

அந்த வெள்ளைத்தாள்

எஃப்.ஐ.ஆருக்கு முந்தைய மனு விசாரணையில்தான் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். எங்களிடம் மரக்கடைக்காரர் ஒருவர் வந்தார். கூட்டாளிக்கும் அவருக்கும் எட்டு லட்சம் ரூபாய்த் தகராறு. அவர் கணக்குப்படி கூட்டாளிக்குத் தர வேண்டியது மூன்று லட்சத்துக்குள்தான். காலையில் கூப்பிட்டு, விளக்கு வைக்கும் நேரம் வரை பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். இருட்டும் நேரத்தில் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்புங்க" என்று வாசகத்தையும் சொல்லியிருக்கிறார்: 'எட்டு லட்சத்தையும் மூன்று தவணையில் கொடுத்துவிடுகிறேன்.' பசியிலும் அவமானத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். பணம் கட்ட முடியாதபோது மோசடி வழக்கு விழுந்தது. எஃப்.ஐ.ஆரோடு நாங்கள் பார்த்த முதல் ஆவணம் அந்தத் தாள்தான், அவர் கைப்பட எழுதியது.

புலன்விசாரணையில் போலீசிடம் சொல்லும் வாக்குமூலத்தில் உங்களிடம் கையெழுத்து வாங்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமும் சாட்சியமாக எடுபடாது. ஆனால் மனு விசாரணையில் எழுதிக்கொடுத்த தாளை, "இது வாக்குமூலம் இல்லை, கடனை ஒப்புக்கொண்ட கடிதம்" என்று எதிர்த்தரப்பு நீட்டும். பணம் வசூலித்துக் கொடுக்கும் அதிகாரம் ஸ்டேஷனுக்குக் கிடையாது. மரக்கடைக்காரர் முந்தின நாளே வக்கீலைப் பார்த்திருந்தால் கணக்கு நகலோடு ஒரு விளக்கம் எழுதி, இன்ஸ்பெக்டருக்கு ஒப்புகையுடன் தபாலில் அனுப்பி, டி.எஸ்.பி.க்கும் ஒரு நகல் போட்டிருப்போம். ஜூனியர் ஒருவர் கூடவே ஸ்டேஷனுக்குப் போயிருப்பார். தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசியலமைப்பின் 20(3) சொல்வதை, எழுந்து நின்று எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இருந்திருப்பார்.

யாரைப் பிடிப்பது

உறவுக்கார வக்கீல் சிவில் பார்ப்பவராக இருந்தால் அவரிடமே கேட்டு, தினமும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் செஷன்ஸ் கோர்ட்டிலும் நிற்கிற ஒருவரைப் பிடியுங்கள். ஒரு காலைப் பொழுது கோர்ட்டில் உட்கார்ந்து பெயில் மனுக்கள் விசாரணையைப் பார்த்தாலே யார் வழக்குக் கட்டைப் படித்துவிட்டுப் பேசுகிறார் என்று தெரிந்துவிடும். முதல் சந்திப்பில் கேளுங்கள்: மனுவில் வாதாடப் போவது நீங்களா ஜூனியரா, ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்தால் யார் எடுப்பார்கள், ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டி வந்தால் அங்கே யார் பார்ப்பார்கள்.

"எஸ்.ஐ. நம்ம ஆளுதான், ஒரு தொகை கொடுத்தா முடிச்சிரலாம்" என்று பேச்சைத் தொடங்குகிறவரிடம் உட்கார வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். "முன்ஜாமீன் நிச்சயம், நான் கேரண்டி" என்கிறவரும் அப்படித்தான். உத்தரவு நீதிபதி கையில் இருக்கிறது. ஜெயித்தால் இவ்வளவு என்று பலனோடு கட்டிப் பீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. பீஸைக் கட்டம் கட்டமாகப் பேசிக்கொள்ளுங்கள்: நோட்டீசுக்குப் பதிலும் ஸ்டேஷனுக்குக் கூட வருவதும் ஒரு தொகை, செஷன்ஸ் முன்ஜாமீன் ஒன்று, ஹைகோர்ட் ஒன்று, பிறகு கோர்ட் விசாரணை தனி. ரசீது கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

கையில் காசில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கிறது. போன் 15100. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கைதுக்கு முன்பும் உதவி கேட்கலாம். இதைத் தெரியாமல் தாலியை அடகு வைத்துவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கொண்டுபோக வேண்டியது

நடந்ததைத் தேதிவாரியாக ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நோட்டீஸ், சி.எஸ்.ஆர். நம்பர், பேங்க் ஸ்டேட்மென்ட், ஆதார் நகல், பழைய வழக்கு ஏதாவது இருந்தால் அதன் விவரம். பழைய வழக்கை மறைத்தால் அரசு வக்கீல் கோர்ட்டில் எழுந்து அதைச் சொல்லும்போது உங்கள் வக்கீல் வாயடைத்து நிற்பார். முழு உண்மையையும் சொல்லுங்கள். நீங்கள் வக்கீலிடம் சொன்னதை உங்கள் சம்மதமில்லாமல் வெளியிடக்கூடாது என்று புதிய சாட்சியச் சட்டத்தின் 132-வது பிரிவு சொல்கிறது, அது எங்களைப் போன்ற குமாஸ்தாக்களையும் கட்டுப்படுத்தும். இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்கு யோசனை கேட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

போனில் உள்ள மெசேஜ், போட்டோ எதையும் அழிக்காதீர்கள். தடயத்தை அழித்ததாகத் தனிக் குற்றமே சேரலாம். புகார் கொடுத்தவரிடம் நேரில் போய் சமாதானம் பேசவும் வேண்டாம், மிரட்டினார் என்று அடுத்த மனு வந்துவிடும். பேச வேண்டியதிருந்தால் வக்கீல் மூலமாகப் பேசலாம்.

முன்ஜாமீனுக்கு எஃப்.ஐ.ஆர். வந்தாக வேண்டும் என்றில்லை. கைது செய்வார்கள் என்று நம்பக் காரணம் இருந்தால் பி.என்.எஸ்.எஸ். 482-ல் செஷன்ஸ் கோர்ட்டிலோ ஹைகோர்ட்டிலோ போடலாம். பெரும்பாலும் முதலில் இங்கே செஷன்ஸில் போட்டுவிட்டு, தள்ளுபடியானால் மதுரைக்குப் போவார்கள். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முன்ஜாமீனுக்குத் தடை இருக்கிறது, புகாரில் அந்தச் சாயல் இருந்தால் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். முன்ஜாமீன் கிடைத்தால் இரண்டு ஜாமீன்தாரர், தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்பதுபோல நிபந்தனை வரும். ஜாமீன்தாரர்களை உத்தரவுக்கு முன்பே பேசி வையுங்கள். உத்தரவு வந்த பிறகு ஆள் தேடி அலைந்து கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்தால் திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் அன்றைக்கே வக்கீல் வீட்டுக்குப் போங்கள். சனி, ஞாயிறில் ரிமாண்ட் செய்ய, அதாவது காவலில் வைக்க உத்தரவிட, மாஜிஸ்திரேட் இருப்பார், பெயில் மனு கேட்க வழக்கமான கோர்ட் இருக்காது.

அதையும் மீறிக் கைதானால், வக்கீல் போன் நம்பரை மனப்பாடமாகத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். ரிமாண்ட் தேதியை எங்கள் டைரியில் சிவப்பு மையில் குறிப்போம். வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிறது. தானாகக் கிடைக்காது, மனுப் போட்டால்தான். போடுவதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

ஸ்டேஷன் விசாரணையோடு புகார் மனு முடிந்துபோனால், முடித்து வைத்ததற்கான நகலை வக்கீல் மூலம் எழுத்தில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அதே ஆள் அதே விஷயத்துக்கு வேறு ஸ்டேஷனில் மனுக் கொடுத்தால், முதலில் எடுத்து நீட்ட வேண்டிய காகிதம் அது.