பீடியை விட முயலும்போது நேரும் தவறுகள்

திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களுக்கு, ஒரு பீடிகூடப் பற்ற வைக்காமலேயே, புகையிலைத் தூளிலுள்ள நிகோடின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேர்கிறது. அதே தூளை இலையில் சுருட்டியதால் மட்டும் பீடி சிகரெட்டைவிடக் கெடுதல் குறைந்தது என்று நம் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். உள்ளே புகையிலை குறைவுதான். ஆனால் அந்த இலை எளிதில் அணைந்துவிடும் என்பதால் அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. பீடியை விட்டுவிட்டு வெற்றிலையோடு புகையிலைக்கு மாறுவதும் பயன் தராது. நிகோடின் தொடரும், வாய்ப்புற்றுக்கும் வழி திறக்கும்.

அடுத்த தவறு, இதை வெறும் மன உறுதிப் பிரச்சினையாகப் பார்ப்பது. இழுத்த புகையிலுள்ள நிகோடின் 10 முதல் 20 விநாடிகளில் மூளையை எட்டுகிறது. ஏறத்தாழ 2 மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைவதால் மூளை மறுபடியும் கேட்கிறது. நிறுத்தியதும் எரிச்சல், தூக்கமின்மை, மலச்சிக்கல் எல்லாம் வந்து, சில வாரங்களில் தணியும். "ஒரு பீடி பிடித்தால்தான் வயிறு கழியும்" என்று காலையில் சொல்பவர், நிகோடின் கிடைக்காததால் வரும் விலகல் அறிகுறியைத்தான் தம் உடம்பின் இயல்பு என்று எண்ணிக்கொள்கிறார்.

புகையில்லாமல் நிகோடினை மட்டும் தந்து பீடி ஆசையைத் தணிக்க மருந்துக் கடையில் கிடைக்கும் நிகோடின் கம்மைத்தான் மிகப் பலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். என் பெரியப்பா அதைச் சாதாரணச் சூயிங்கம் போல இரண்டே நிமிடத்தில் மென்று எச்சிலை விழுங்கினார். விக்கலும் நெஞ்செரிச்சலும் வரவே, "இது உதவாது" என்று மீதியைத் தூக்கிப் போட்டார். காரமான சுவையோ விறுவிறுப்போ தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி, சுவை மங்கியதும் மீண்டும் மென்று, இவ்வாறு அரை மணி நேரம் வைத்திருந்தால்தான் நிகோடின் வாயின் உட்புறத் தோல் வழியாக இரத்தத்தில் சேரும். காபி, கலர், எலுமிச்சைச் சாறு குடித்த 15 நிமிடங்களுக்குள் போட்டால் புளிப்பு அதைத் தடுத்துவிடும். விழித்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடியைப் பற்ற வைப்பவருக்கு 2 மி.கி. போதாது, 4 மி.கி. தேவைப்படும். ஒரு வாரத்தில் நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிடுவதும் தவறுதான். வழக்கமான காலம் 12 வாரங்கள், அதுவும் படிப்படியாகக் குறைத்து.

பீடியை விட உதவும் வரெனிக்லின், புப்ரோபியான் மாத்திரைகளை மருத்துவர் எழுதித் தர வேண்டும். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது என்பதால், பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்க்கக் கூடாது. பீடியை நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டிய இவற்றிடம் அன்றைக்கே பலனை எதிர்பார்ப்பதும் வீண். மின் சிகரெட்டோ 2019 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது.

கல்யாண வீட்டில் ஒரு பீடி இழுத்துவிட்டால், "அவ்வளவுதான், போச்சு" என்று மருந்தையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். பலமுறை முயன்ற பிறகே பெரும்பாலோருக்கு இது கைகூடுகிறது. எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது கை நீண்டது என்பதை மருத்துவரிடமோ, பீடிக்கட்டின் உறையில் அச்சிட்டிருக்கும் 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண்ணிலோ சொன்னால், அடுத்த முயற்சிக்கு மருந்தின் அளவையும் முறையையும் மாற்றிக்கொள்ள வழி சொல்வார்கள்.