சரக்கு விமானத்தின் எடைக் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

பெஸ்தாரி ஜெயா பக்கத்துச் செம்பனை ஆலைக்கு வரும் லோரி முதலில் குலையோடு தராசில் ஏறும். கொட்டிவிட்டு வெறும் வண்டியாக மறுபடியும் ஏறும். கழித்தால் வருவதுதான் குலையின் எடை. தோட்டத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் என்னிடம் டியூஷன் படிக்கும் பையன் ஒருவன், அரச மலேசிய ஆகாயப்படையின் ஏ400எம் விமானத்தை வரைந்து, கீழே "141 டன் சுமக்கும்" என்று எழுதியிருந்தான். பெரியவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

141 டன் என்பது விமானம், எண்ணெய், சரக்கு மூன்றும் சேர்ந்து மேலெழும்பக்கூடிய மொத்த எடை. வெறும் விமானமே சுமார் 78 டன். சரக்கு அதிகபட்சம் 37 டன்தான்.

இதைவிடப் பெரிய தவறு, "37 டன்னோடு 8,700 கிலோமீட்டர் பறக்கும்" என்பது. இரண்டு எண்ணும் உண்மை, ஆனால் ஒரே பயணத்தில் இரண்டும் கிடைக்காது. அந்தப் பையனையே கணக்குப் போட வைத்தேன். 78-உம் 37-உம் 115. எண்ணெய்க்கு மிச்சம் 26 டன். தொட்டிகளோ 50 டன் பிடிக்கும். அதாவது முழுச் சுமை ஏற்றினால் தொட்டியைப் பாதிதான் நிரப்ப முடியும். அதனால்தான் 37 டன்னோடு 3,300 கிலோமீட்டர், 30 டன்னோடு 4,500, 20 டன்னோடு 6,400 என்று தூரம் மாறுகிறது. 8,700 என்பது சரக்கே இல்லாமல் போகும்போது. சரி, நமக்கு இது குறையா? சுபாங்கிலிருந்து கோத்தா கினபாலு 1,600 கிலோமீட்டர் சொச்சம்தான். முழுச் சுமையோடு தாராளமாகப் போகலாம்.

காற்றாடி இருப்பதால் பழைய காலத்து விமானம் என்று நினைப்பதும் தவறு. ஒவ்வோர் என்ஜினும் சுமார் 11,000 குதிரைத்திறன். தார் போடாத குட்டை ஓடுபாதையிலும் இறங்குவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

வெயிலையும் மறந்துவிடுகிறோம். விமானங்களின் திறன் எண்களைப் பெரும்பாலும் கடல் மட்டத்தில் 15 பாகை வெப்பத்துக்குச் சொல்வார்கள். நம் ஊர் மத்தியானம் 33 பாகை. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதில் எழும்ப ஓடுபாதை நீளமாக வேண்டும், இல்லையென்றால் சுமையைக் குறைக்க வேண்டும்.

அப்புறம், எடை சரியாக இருந்தால் போதும் என்ற எண்ணம். 29 ஏப்ரல் 2013 அன்று ஆப்கானிஸ்தானின் பாக்ராமில் ஒரு போயிங் 747 சரக்கு விமானம் ஐந்து கவச வண்டிகளோடு எழும்பியது. கட்டு தாங்காமல் வண்டி பின்னால் நகர்ந்து, வால் பகுதியின் இயக்கமுறைகளை இடித்து நொறுக்கியது. மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. விமானிகளால் அதை இறக்க முடியவில்லை. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்துபோனார்கள்.