பித்தளைத் தோட்டா உறை: இன்னொரு முறை தாங்குமா என்று பார்ப்பது எப்படி?

ரைஃபிளின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை இழுத்தேன். உறையின் அடித்துண்டு மட்டும் வந்தது. மேல் பாதி சேம்பருக்குள்ளேயே, அதாவது தோட்டா உட்காரும் அறைக்குள்ளேயே, ஒட்டிக்கொண்டு நின்றது. சுட்ட உறையில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்து, ஏழாவது முறையாக மறுநிரப்பிய .308 வின்செஸ்டர் (ஒரு ரைஃபிள் தோட்டா வகை) உறை அது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முந்தின நாள் இரவுதான் அந்த உறையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, நல்லாத்தானே இருக்கு என்று டப்பாவில் போட்டிருந்தேன். எங்கே கோட்டை விட்டேன் என்று தேடியதில் தெரிந்துகொண்டதுதான் இந்தப் பதிவு.

உரிமமும் மறுநிரப்பும் கருவிகளும் ஏற்கெனவே உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். மருந்து அளவைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது.

முதலில் பித்தளைக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிடுவோம். உறை 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். சுடும்போது விரிந்து சேம்பர் சுவரோடு அப்பிக்கொள்ளும். அழுத்தம் இறங்கியதும் ஒரு மயிரிழை சுருங்கும். அதனால்தான் வெளியே எடுக்க முடிகிறது. அப்புறம் சைஸிங் டை என்ற அச்சு அதைப் பழைய அளவுக்கு நசுக்கும். ஒவ்வொரு முறையும் இப்படி விரிந்து நசுங்கி உலோகம் விறைத்துக்கொண்டே போகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் கடைசியில் முறியுமே, அதேதான்.

படி 1: கூட்டு பிரியாமல் வையுங்கள்

ஒன்றாக வாங்கியவை ஒரு கூட்டு, அவை ஒரே டப்பாவில். எத்தனை முறை சுட்டது என்று மூடியில் எழுதுங்கள். கலந்துவிட்டால் கீழே சொல்லும் சோதனைகளில் பாதி வீண்.

படி 2: கழுத்தைப் பாருங்கள்

அதிகம் வேலை வாங்கப்படுவது குண்டைப் பிடிக்கும் குறுகிய கழுத்துதான், விரிசலும் பெரும்பாலும் அங்கேதான் முதலில் வரும். வெளிச்சத்தில் பிடித்து மெல்லத் திருப்புங்கள். கோடு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள், யோசிக்க வேண்டாம்.

படி 3: நீளம்

சைஸ் செய்த பிறகு அளக்க வேண்டும், முன்பு அல்ல. .308-க்கு உச்ச நீளம் 51.18 மி.மீ.; அதைத் தாண்டினால் 50.93-க்கு வெட்டுகிறோம். நீளம் கூடிய உறையின் வாய் சேம்பரின் முனையில் நெரிபட்டுக் குண்டை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் எகிறும். எனக்கு டயல் காலிப்பர்தான் பிடிக்கும். டிஜிட்டலில் பேட்டரி தீர்வது எப்போதும் பாதி வேலையில்தான்.

வெட்டி விழும் அந்தப் பித்தளைத் துருவலைப் பாருங்கள். அது எங்கிருந்து வந்தது? உறை நீண்டதென்றால் எங்கோ சுவர் மெலிந்திருக்கிறது. இந்தக் கேள்வியை நான் ஏழு முறையும் கேட்கவில்லை.

படி 4: கொக்கிச் சோதனை

என்னைக் கவிழ்த்தது இந்த இடம்தான். சுடும்போது உறையின் முன்பாதி சேம்பரைக் கவ்விக்கொள்கிறது. அடிப்பகுதியோ போல்ட்டின் முகத்தைத் தொடும் வரை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே, தடித்த அடிப்பாகம் முடிந்து சுவர் மெலியத் தொடங்கும் இடத்தில் உறை இழுபடும். அங்கே வெளியே பளபளப்பாக ஒரு வளையம் தெரியும் என்று எல்லாரும் சொல்வார்கள். சிக்கல் என்னவென்றால், சைஸிங் டை முடியும் இடத்திலும் கிட்டத்தட்ட அதே உயரத்தில் ஒரு பளபளப்பு விழும். நான் பார்த்ததெல்லாம் டை போட்ட தடம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே கண்ணை நம்பாதீர்கள், உள்ளே தடவிப் பாருங்கள். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியில் 2 மி.மீ. அளவுக்குச் செங்குத்தாக மடக்கி, அரத்தால் கூர்மையாக்குங்கள். உறையின் அடிவரை விட்டு, சுவரில் அழுத்தியபடி மெதுவாக மேலே இழுங்கள். நல்ல உறையில் சுவர் ஒரே சீராகச் சரிந்து போகும். கெட்டதில் நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து, ஏறும்போது ‘டிக்’ என்று தட்டும். முதலில் சுடாத புது உறையில் பத்துத் தடவை பழகுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கரி கூடத் தட்டுவது போலத் தோன்றும். சந்தேகம் தீரவில்லையா, கூட்டில் ஒன்றை நெடுக்காக அறுத்துப் பாருங்கள். நான் அறுத்ததில் உள்சுவரைச் சுற்றி நகத்தால் அழுத்தியது போல ஒரு பள்ளம் ஓடியது. வெளியே அந்த இடம் மழமழவென்று இருந்தது.

காரணம் என் டைதான். உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொட்ட பிறகும் கால் சுற்று கூடுதலாக இறக்கியிருந்தேன். உறையின் தோள் (கழுத்துக்குக் கீழே சரிந்து விரியும் பகுதி) தேவைக்கு மேல் பின்னுக்குப் போய், ஒவ்வொரு முறையும் நீள இடம் கிடைத்தது. இப்போது தோள் நிற்கும் இடத்தைக் காட்டும் கம்பாரேட்டரால் அளந்து, போல்ட் ரைஃபிளுக்குத் தோளை 0.05 மி.மீ. மட்டும் பின்னுக்குத் தள்ளுகிறேன்.

படி 5: ப்ரைமர் குழி

புது ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்க உறையின் அடியில் பொருத்தும் சின்ன மூடி) தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் குழி தளர்ந்துவிட்டது. உறையைக் கழித்துவிடுங்கள்.

படி 6: கழுத்தைச் சூடாக்கி இளக்குதல்

அனீலிங் செய்தால் விறைத்த கழுத்து மறுபடி இளகும். கழுத்தும் தோளும் மட்டும். அடிப்பகுதிக்குச் சூடு போகவே கூடாது. பித்தளையைச் சூட்டால் இளக்கலாம், சூட்டால் கடினமாக்க முடியாது. இளகிய அடி அழுத்தத்தைத் தாங்காது, அதைச் சரிசெய்யவும் வழியில்லை. தோளுக்குக் கீழே வெப்பம் காட்டும் பூச்சு தடவிக்கொண்டால் சூடு எதுவரை இறங்குகிறது என்று தெரியும். தண்ணீரில் போட்டால் இறுகிவிடும் என்பது எஃகுக்குப் பொருந்தும் கதை. இங்கே தண்ணீர் சூடு பரவுவதை நிறுத்த மட்டும்தான். மருந்தோ ப்ரைமரோ உள்ள எதுவும் சுடர் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒன்று நினைவிருக்கட்டும்: படி 4-இல் மெலிந்த சுவரை இது திரும்பத் தடிப்பாக்காது.

பின்சேர்க்கை 1: சுடாமல் வைத்திருந்த உறைகளே விரிசல் விட்டுவிட்டன என்று ஒருவர் கேட்டிருந்தார். எதைப் போட்டுத் துடைத்தார் என்று விசாரித்தால், அம்மோனியா கலந்த பளபளப்புத் திரவம். பித்தளைக்கு அது ஆகாது. மழைக்காலத்தில் இந்தியாவில் பிரிட்டிஷ் படையினர் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களும் இப்படித்தான் விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும், உறையைச் செய்யும்போது உள்ளே தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921-இல்தான் விளங்கியது.

பின்சேர்க்கை 2: கொக்கிக்குப் பதில், உள்ளே நுழைத்துப் பார்க்கும் போர்ஸ்கோப் கேமரா போதாதா என்று இருவர் கேட்டார்கள். வாங்கிப் பார்த்தேன். கரிப் படிந்த உறையில் எல்லாமே பள்ளமாகத் தெரிகிறது. கிளிப்பை மேசை ஓரத்தில் திரும்ப மாட்டிவிட்டேன்.