சால்மனுக்கு ராட் வாங்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

ராடில் (தூண்டில் கழியில்) கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் ‘20–60 கிராம்’ என்று அச்சிட்டிருக்கும். ஸ்காட்லாந்தின் டே ஆற்றுக்கு முதன்முதலாக என்னோடு வந்த நண்பர் அதைப் படித்துவிட்டு, “என்னங்க, அறுபது கிராம் மீனுக்கு மேல தாங்காதா?” என்றார். சிரித்தேன். ஆனால் என் முதல் ராடை வாங்கியபோது நான் அந்த எண்ணைப் பார்க்கக்கூட இல்லை. அது மீனின் எடை அல்ல, அந்த ராட் சிரமமில்லாமல் வீசக்கூடிய லூரின் (மீனை ஏமாற்றும் போலி இரையின்) எடை. மீனை நினைத்து ராட் வாங்குகிறோம். வாங்க வேண்டியதோ வீசப்போகும் லூரையும் நிற்கப்போகும் ஆற்றையும் பார்த்து.

டே அகலமான ஆறு. வசந்த காலத்தில் நீர் பெருகி ஓடும்போது 18, 28 கிராம் டோபி (கரண்டி போன்ற உலோக லூர்) மாதிரியான கனத்த லூர்கள்தான் எடுபடும். அதற்கு 9 முதல் 10 அடி ராட் வேண்டும். நீள ராட் தூரம் வீசுவதற்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியமான வேலை, லைனை (தூண்டில் நூலை) நீரோட்டத்தில் படாமல் தூக்கிப் பிடிப்பது. அப்போதுதான் லூர் எதிர்க்கரையிலிருந்து நிதானமாகக் குறுக்கே வரும். அதே 10 அடி ராடை மரம் கவிந்த சிற்றாற்றுக்குக் கொண்டுபோனால் மீனோடு அல்ல, கிளையோடுதான் மல்லுக்கட்டு. அங்கே 7, 8 அடி போதும்.

சால்மனுக்கு வாங்கியதையே அதன் உறவு மீனான கடல் ட்ரவுட்டுக்கும் ஓட்டிவிடலாம் என்பது அடுத்த தவறு. கடல் ட்ரவுட்டுக்கு வாய் மென்மை, மாட்டியதும் துள்ளிக்கொண்டே இருக்கும். விறைப்பான ராட் என்றால் கொக்கி வாயைக் கிழித்துக்கொண்டு கையோடு வந்துவிடும். நுனி நன்றாக வளையும் 5–20 கிராம் ராட், 2500 அல்லது 3000 அளவு ரீல் (லைனைச் சுற்றும் கருவி), 8 முதல் 10 பவுண்டு இழுவை தாங்கும் லைன் போதும். சால்மனுக்கு 4000 ரீல், 15 முதல் 20 பவுண்டு தங்கூஸ் அல்லது 30 பவுண்டு பிரெய்டு (பின்னிய நூல்). இரண்டு செட் வாங்கப் பணமில்லை என்றால் 9 அடியில் 10–40 கிராம் ராட் ஒன்று, ஒரே ரீலுக்கு இரண்டு ஸ்பூல் (லைன் சுற்றியிருக்கும் உருளை). சமரசம்தான், மோசமில்லை.

ரீல் பெட்டியில் ‘டிராக் 12 கிலோ’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். டிராக் என்பது மீன் இழுக்கும்போது லைனை விட்டுக்கொடுக்கும் பிரேக். 15 பவுண்டு லைனில் அவ்வளவு இறுக்கினால் முதல் ஓட்டத்திலேயே அறுந்துபோகும். டிராக் எவ்வளவு இறுகுகிறது என்பதைவிட எவ்வளவு வழுக்கலாக விடுகிறது என்பதே முக்கியம். நான் செய்வது இது: இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, ராடில் கோக்காமல் ரீலிலிருந்து நேராக வரும் லைனில் கட்டித் தூக்குவேன். பாட்டில் திக்காமல், விட்டுவிட்டு இழுக்காமல், மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். 15 பவுண்டு லைனுக்கு அந்த அளவு சரி. வேகமாகச் சுற்றும் கியருக்குக் கூடுதல் காசு கொடுக்கவும் தேவையில்லை. குளிர்ந்த நீரில் லூர் மெதுவாகத்தான் வர வேண்டும்.

பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேரடியாகக் கட்டினால் மொத்தமும் வழுக்கிச் சுற்றும். அடியில் கொஞ்சம் தங்கூஸ் சுற்றிக்கொள்ளுங்கள். ஸ்பின்னர் (நீரில் சுழலும் லூர்) போடுகிறவர்கள் ஸ்விவல் (தானாகச் சுழலும் சிறு இணைப்பு) இல்லாமல் போகாதீர்கள், லைன் முறுக்கிக்கொண்டு சிக்கலாகிவிடும்.

வாங்குமுன் இன்னொன்று. ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கும் உரிமை தனியாருடையது. அனுமதியில்லாமல் பிடிப்பது குற்றம். சில இடங்களில் ஃபிளை (பூச்சி போலக் கட்டிய எடையற்ற போலி இரை) தவிர வேறெதற்கும் அனுமதி கிடையாது. முதலில் விசாரியுங்கள். இப்படி லூர் வீசிப் பிடிக்கும் ஸ்பின்னிங்கை மட்டமாகப் பேசும் ஃபிளைக்காரர்கள் யாராவது வாய்த்தால், 1922 அக்டோபர் 7 அன்று டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் பிடித்த 64 பவுண்டு சால்மனைச் சொல்லுங்கள். தூண்டிலில் பிடித்த சால்மனில் பிரிட்டனில் இன்றுவரை அதுதான் சாதனை. அது மாட்டியது ஃபிளையில் அல்ல, சுழலும் டேஸ் மீன் இரையில்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே சால்மனும் கடல் ட்ரவுட்டும் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. இது தெரியாமல் என் முதல் ராடை ஒரு சனிக்கிழமை மாலை வாங்கினேன். மறுநாள் முழுக்க வீட்டுப் பின்புறப் புல்வெளியில் கொக்கி கழற்றிய லூரை வீசிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் ஸ்பூலைப் பாதிதான் நிரப்பிக் கொடுத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. எவ்வளவு முக்கி வீசியும் லைன் ஸ்பூல் விளிம்பில் உரசி, லூர் பக்கத்து வீட்டு வேலியைக்கூடத் தாண்டவில்லை.