சிறு அரங்கில் படமும் கூத்துப் பதிவும் திரையிடுவது எப்படி?

நூலக மாடி, பள்ளிக் கூடம், வாசகசாலை, ஊர்ப் பொது மண்டபம் என்று ஐம்பது முதல் நூறு பேர் உட்காரக்கூடிய ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே மாதம் ஒரு படமோ, ஒரு நாடகம் அல்லது தெருக்கூத்தின் ஒளிப்பதிவோ காட்ட நினைக்கிறீர்கள். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் குறிப்பு. எங்கள் ஊர்த் திரையிடலில் ஒயர் பிடிக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்த பிறகு கற்றுக்கொண்டவை இவை. லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் இணைக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் புரியவில்லை என்றால் இருபது நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள். கையில் உள்ள பணத்தையும் நேரத்தையும் பாதிக்கு மேல் ஒலிக்கே செலவிடுங்கள்.

1. அனுமதி

படத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இலவசமாகத்தானே காட்டுகிறோம் என்பது போதாது, பொதுத் திரையிடலுக்கு அனுமதி வேண்டும். குறும்பட, ஆவணப்பட இயக்குநர்களுக்கு மின்னஞ்சல் எழுதினால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு தருகிறார்கள், சிலர் நேரிலேயே வந்து பேசுகிறார்கள்.

பழைய படங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1948இல் வந்த 'சந்திரலேகா'வுக்கு 2008ஆம் ஆண்டு முடிவோடு அந்தக் காலம் முடிந்தது. ஆனால் அதற்கு யாராவது புதிதாகச் சப்டைட்டில் எழுதியிருந்தால் அது அவருடைய உழைப்பு, அவரிடம் கேட்க வேண்டும்.

கூத்து, நாடகப் பதிவு என்றால் கேமரா வைத்திருந்தவர் மட்டும் சம்மதித்தால் போதாது. மேடையில் ஆடிப் பாடியவர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு, அது 50 ஆண்டுகள். குழுவின் ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள். அப்படிக் கேட்கப் போனதில்தான் எங்களுக்கு இன்னொரு யோசனையும் கிடைத்தது: பதிவைக் காட்டி முடித்ததும் அதே குழு அரை மணி நேரம் நேரில் ஆடுவது. வெறும் பதிவைவிட இதற்குத்தான் கூட்டம் வருகிறது.

பொதுமக்களுக்குக் காட்டும் படத்துக்கு 1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி தணிக்கைச் சான்றிதழ் தேவை. திரையிடும் இடத்துக்கான உரிமம் வேறு, அது 1955ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தில் வருகிறது. அரங்கின் பொறுப்பாளரிடம் என்ன அனுமதி இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அருகில் திரைப்படச் சங்கம் ஏதும் இருந்தால் இன்னும் நல்லது. சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு 1959இல் தொடங்கிய திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு இன்றும் இருக்கிறது, அதில் சேர்ந்த சங்கங்களுக்கு இந்த நடைமுறைகள் பழகியவை.

ஓ.டி.டி. கணக்கைத் திறந்து படம் போடாதீர்கள். அந்தச் சந்தா வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். நடைமுறையிலும் உதவாது: நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு இருப்பதால், எச்.டி.எம்.ஐ. ஸ்ப்ளிட்டர் (ஒரே படத்தை இரண்டு திரைகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) வழியாக அனுப்பும்போது பல நேரம் திரை கறுப்பாகவே நிற்கும்.

2. புரொஜெக்டரும் திரையும்

விளம்பரத்தில் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்க்காமல் ஆன்சி லூமென் (பொது முறைப்படி அளந்த வெளிச்ச அளவு) எவ்வளவு என்று கேளுங்கள். கணக்கு எளிது. 10 அடி அகலத் திரை என்றால் உயரம் சுமார் 5.6 அடி, பரப்பு 56 சதுர அடி. 3000 லூமெனை 56ஆல் வகுத்தால் சதுர அடிக்குச் சுமார் 53 வருகிறது. இருட்டான திரையரங்கில் 14 முதல் 16 வரை இருந்தாலே போதும் என்பது சினிமாத் துறையின் வழக்கம். நம் அரங்கில் ஜன்னல் வழியே வெளிச்சம் கசியும் என்பதால் அந்த மிச்சம் நமக்குத் தேவைப்படும். திரையை 16 அடிக்குப் பெரிதாக்கினால் அதே 3000 லூமென் 21ஆகக் குறைந்துவிடும். பெரிய திரை மேல் ஆசைப்படுவதற்கு முன் இதைப் போட்டுப் பாருங்கள்.

தூரம்: புரொஜெக்டரின் த்ரோ விகிதம் (திரை அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரம் என்பது) 1.5 என்றால், 10 அடி அகலத்துக்கு 15 அடி தள்ளி வைக்க வேண்டும். கோணலாக வைத்துவிட்டுக் கீஸ்டோன் (கோணல் திருத்தும்) பொத்தானால் சரிசெய்வது எனக்குப் பிடிக்காது. படத்தின் கூர்மை குறையும், சப்டைட்டில் எழுத்துகளின் ஓரம் நெளியும். உயரமான மேசை ஒன்றைத் தேடிப் பிடித்து நேராக வையுங்கள்.

பட வகையைச் 'சினிமா' என்று மாற்றுங்கள், அசைவை மென்மையாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். பழைய படம் சதுரத்துக்கு நெருக்கமாகத் தெரிந்தால் அப்படியே விடுங்கள். "ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கே, இழுத்து விடுங்க" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். இழுத்தால் எல்லார் முகமும் அகலமாகிவிடும்.

3. ஒலி: பாட்டு கேட்கிறது, வசனம் காணோம்

நான் அதிக நேரம் திணறிய இடம் இதுதான். லேப்டாப்பில் ஹெட்போன் போட்டுக் கேட்டால் எல்லாம் சரி. மைக்செட்காரரின் மிக்ஸரில் (ஒலிகளைச் சேர்த்து அளவு வைக்கும் பெட்டி) இணைத்ததும் பின்னணி இசை வருகிறது, மழைச் சத்தம் வருகிறது, ஆள் பேசுவது மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது. ஒலியைக் கூட்டினால் இசைதான் காதைக் கிழிக்கிறது. படக் கோப்பு கெட்டுவிட்டது என்றுதான் எல்லாரும் முதலில் நினைப்பார்கள். கோப்பில் ஒன்றும் இருக்காது.

காரணம் ஒயர். லேப்டாப்பின் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் மூன்று தொடுபுள்ளிகள் உண்டு: நுனியில் இடப்பக்க ஒலி, நடு வளையத்தில் வலப்பக்க ஒலி, அடியில் எர்த். மிக்ஸரில் உள்ள பெரிய 6.35 மில்லிமீட்டர் துளையிலும் மூன்று புள்ளிகள்தான். ஆனால் அது எதிர்பார்ப்பது வேறு. நுனியில் வருவதும் வளையத்தில் வருவதும் ஒரே ஒலியின் நேரும் தலைகீழும் என்று எடுத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துவிடும். நீண்ட மைக் ஒயரில் புகும் இரைச்சலை நீக்க அப்படி வைத்திருக்கிறார்கள். நாம் அதில் இடம், வலம் என்று இரண்டு ஒலிகளைக் கொடுக்கிறோம். வசனம் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும். கழித்தால் பூஜ்யம். இசை இரண்டிலும் வேறுபட்டிருக்கும், அதனால் அது மட்டும் தப்பிக்கிறது.

கண்டுபிடிக்க ஒரு வழி: மிக்ஸர் பக்கத்து ஜாக்கை மெல்லச் சற்று வெளியே இழுத்துப் பாருங்கள். வசனம் திடீரென்று வந்தால் இதே கோளாறுதான்.

தீர்வு: ஒரு முனையில் 3.5 ஸ்டீரியோ ஜாக்கும், மறுமுனையில் இரண்டு தனித்தனி மோனோ ஜாக்குகளும் உள்ள 'ஒய்' கேபிள் வாங்குங்கள். இரண்டையும் மிக்ஸரின் இரண்டு சேனல்களில் போடுங்கள். மிக்ஸரில் ஒரே சேனல்தான் காலியாக இருக்கிறது என்றால், விண்டோஸ் அமைப்புகளில் 'மோனோ ஆடியோ'வைப் போட்டுவிட்டு, ஒய் கேபிளின் ஒரு கிளையை மட்டும் செருகுங்கள். இந்தக் கேபிள் உங்கள் பையில் எப்போதும் இருக்கட்டும். மைக்செட்காரரிடம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், அவருடைய வேலை மைக்கோடு, லேப்டாப்போடு இல்லை.

ஒய் கேபிள் போட்டும் வசனம் மெலிந்திருந்தால் அடுத்த சந்தேகம் 5.1 ஒலி, அதாவது ஆறு ஸ்பீக்கர்களுக்கென்று பிரித்துப் பதிந்த ஒலி. அதில் வசனம் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக இருக்கும். நம்மிடம் இருப்பதோ இரண்டு ஸ்பீக்கர்கள். படம் ஓட்டும் மென்பொருளான வி.எல்.சி.யின் ஆடியோ அமைப்பில் எச்.டி.எம்.ஐ. பாஸ்த்ரூவை (ஒலியை மாற்றாமல் அப்படியே வெளியே அனுப்பும் வசதி) அணைத்துவிட்டு, விண்டோஸில் ஸ்பீக்கர் வகையை ஸ்டீரியோ என்று வையுங்கள். இந்த மாதிரி நுணுக்கமெல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால்தான் நான் வி.எல்.சி.யை விடுவதில்லை.

ங்ங்ங் என்று ஓர் ஊளை கேட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் சுற்றுப் பிரச்சினை. பேட்டரி படம் முடியும்வரை தாங்கும் என்றால் அப்படியே ஓட்டலாம். தாங்காது என்றால் லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் வைத்து அந்த எர்த் தொடர்பைத் துண்டிக்கும் டி.ஐ. பாக்ஸ் ஒன்று வாங்குங்கள், ஒருமுறை வாங்கினால் பல வருடம் வரும்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். உதடு ஒன்று சொல்லும், ஒலி பின்னால் வரும். வேறு காரணத்தால் ஒலி தள்ளிப்போயிருந்தால் வி.எல்.சி.யில் ஜே, கே விசைகளால் 50 மில்லி விநாடி வீதம் நகர்த்தலாம்.

அப்புறம் அரங்கம். சிமென்ட் சுவர், ஓட்டுக்கூரை, காலி ஹால் என்றால் எதிரொலி வசனத்தை விழுங்கிவிடும். பின்சுவரில் கனமான ஜமுக்காளங்களைத் தொங்கவிடுங்கள், தரையிலும் விரியுங்கள். ஸ்பீக்கர்களைத் திரையின் இரு பக்கமும், உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே வருமாறு உயர்த்தி வையுங்கள். மிக்ஸரில் பேஸை (அடித்தொனியை) குறையுங்கள். கூட்டம் நிறைந்ததும் ஒலி சற்று அமுங்கும், அப்போது கொஞ்சம் ஏற்றுங்கள். அளவு வைப்பதற்குப் பாட்டுக் காட்சியை ஓட்டாதீர்கள், இரண்டு பேர் மெதுவாகப் பேசும் காட்சியை ஓட்டுங்கள். நண்பர் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, காத்தாடிகளையும் போட்டுவிட்டுக் கேளுங்கள்.

4. கூத்துப் பதிவுக்கு மட்டும் வரும் தொல்லைகள்

பழைய கேம்கோடரில் எடுத்த பதிவு என்றால், ஆட்டக்காரர் சுழலும்போது கிரீடத்தின் ஓரத்திலும் கைகளிலும் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு பிரேமும் இரண்டு அரைப் பிரேம்களாகப் பதிவாகியிருப்பதால் இப்படி. வி.எல்.சி.யில் வீடியோ பகுதிக்குப் போய் டீஇன்டர்லேஸை இயக்கி, 'யாடிஃப்' வகையில் 2x என்று முடிவதைத் தேர்ந்தெடுங்கள். கோடு போவது மட்டுமில்லை, அடவின் வேகமும் சறுக்காமல் தெரியும். நம் ஊர்ப் பதிவுகள் பெரும்பாலும் விநாடிக்கு 25 பிரேம். புரொஜெக்டர் ஏற்றுக்கொண்டால் திரை அதிர்வெண்ணை 60 ஹெர்ட்ஸிலிருந்து 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். கிறுகி ஆடும் இடத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

முகவீணையும் ஹார்மோனியமும் மேடை மைக்கில் ஓங்கி ஒலிக்க, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பேசுவது பல பதிவுகளில் அடங்கிப்போயிருக்கும். முழுவதையும் சரிசெய்ய முடியாது. அவர் கேலி பேசும் பகுதிகளுக்காவது சப்டைட்டில் போடுங்கள். தமிழ்ப் பேச்சுக்குத் தமிழிலேயே போடலாம். வட்டார வழக்கு பழகாதவர்களுக்கும், காது மந்தமான பெரியவர்களுக்கும் அது பெரிய உதவி.

5. தமிழ்ச் சப்டைட்டில்

சப்டைட்டில் வரிகளும் அவற்றின் நேரமும் அடங்கிய எஸ்.ஆர்.டி. கோப்பை, தமிழ் எழுத்து சிதையாமலிருக்க, யு.டி.எஃப்-8ஆகச் சேமியுங்கள். கட்டங்கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு பிரச்சினை: நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா யு.ஐ.யைத் தேர்ந்தெடுங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் உங்கள் வி.எல்.சி. பழையது, புதுப்பியுங்கள். வேறொருவர் லேப்டாப்பில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் 'பர்ன் இன்' கொடுத்துப் படத்தோடே பதித்துவிடுவது நிம்மதி. ஒரு வரியில் 35 எழுத்துக்கு மேல் வேண்டாம்.

6. திரையிடும் மாலை

லேப்டாப்பில் அறிவிப்புகள், உறக்கம், தானியங்கிப் புதுப்பிப்பு மூன்றையும் நிறுத்துங்கள். திரையை 'எக்ஸ்டெண்ட்' முறையில் (பெரிய திரையில் படம் மட்டும், மற்றதெல்லாம் லேப்டாப்பில்) வையுங்கள், 'டூப்ளிகேட்' வேண்டாம். வி.எல்.சி. தொடக்கத்தில் கோப்பின் பெயரைத் திரையில் காட்டும், அதையும் அமைப்பில் அணைக்கலாம். புரொஜெக்டரும் லேப்டாப்பும் யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும். பல்பு வகைப் புரொஜெக்டர் சூடாக இருக்கும்போது கரண்ட் போனால் விசிறி நின்று பல்புக்குக் கேடு.

ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடுங்கள், வாசல் விளக்கை மட்டும் விட்டுவையுங்கள். நேரில் ஆட்டமும் உண்டென்றால் படத்தை முதலில் போட்டு, திரையைச் சுருட்டிவிட்டுத்தான் குழுவை மேடைக்கு அழைக்க வேண்டும். ஸ்டாண்டில் நிற்கும் திரைக்கு முன்னால் சலங்கை கட்டி ஆடினால் அது விழுந்துவிடும்.

சுவரொட்டியில் நாள், நேரம் தவிர மொழி, சப்டைட்டில் உண்டா, எத்தனை நிமிடம், தணிக்கை வகை ஆகியவையும் இருக்கட்டும். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் நிமிடத்தைப் பார்த்துத்தான் வருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள்.

பின்சேர்க்கை 1: நீண்ட எச்.டி.எம்.ஐ. கேபிளில் படம் விட்டுவிட்டு வருகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சாதாரண கேபிள் 10 மீட்டரைத் தாண்டினாலே நம்பகம் குறையும். ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு: ஒரு முனையில் 'சோர்ஸ்', மறுமுனையில் 'டிஸ்ப்ளே' என்று இருக்கும். மாற்றிச் செருகினால் எதுவும் வராது. தரையில் ஒட்டுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: ஒய் கேபிள் போட்ட பிறகும் கூத்துப் பதிவில் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டுமே ஒலிக்கிறது என்று இன்னொரு கேள்வி. பதிவின்போது மைக்கை கேமராவின் ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுத்திருப்பார்கள். வி.எல்.சி.யில் ஆடியோ, ஸ்டீரியோ மோட் என்று போய் 'லெஃப்ட்' கொடுங்கள். ஒலி பதிவானது வலப்பக்கம் என்றால் 'ரைட்'. இரண்டு ஸ்பீக்கரிலும் வந்துவிடும். அடுத்த படத்துக்கு முன் மறக்காமல் அதைத் திரும்ப 'ஸ்டீரியோ'வுக்கு மாற்றிவிடுங்கள்.