ஆஸிலேட்டர் வேறுபாட்டை வீட்டிலேயே அளக்க

சீரான மின் அலையை உருவாக்கும் இரண்டு 10 மெகாஹெர்ட்ஸ் (வினாடிக்கு ஒரு கோடி சுற்று) ஆஸிலேட்டர்களுக்கு இடையிலுள்ள மிகச் சிறிய அதிர்வெண் வேறுபாட்டை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இரண்டு மின் அலைகளை ஒரே திரையில் வரைந்து காட்டும் இரு சேனல் ஆஸிலோஸ்கோப்பும் ஒரு கடிகாரமும் போதும். ஜிபிஎஸ் வழியே தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆஸிலேட்டரை முதல் சேனலில் இணைத்து, ட்ரிகரையும் (அலையைத் திரையில் எந்தக் கணத்திலிருந்து வரைவது என்று தீர்மானிக்கும் அமைப்பு) அதிலேயே அமைத்து, சோதிக்க வேண்டியதை இரண்டாம் சேனலில் கொடுத்தால், முதல் அலை திரையில் அசையாமல் நிற்க, இரண்டாவது மெல்ல நகர்வதைக் காணலாம். இடப்பக்கம் நகர்ந்தால் அதன் அதிர்வெண் கூடுதல்; வலப்பக்கமானால் குறைவு.

நகரும் அலை ஒரு முழுச் சுற்றைக் கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றின் காலம் 100 நானோ வினாடி என்பதால், அதைக் கடக்க 100 வினாடி ஆனால் வேறுபாடு 0.01 ஹெர்ட்ஸ், அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு. 1,000 வினாடி ஆனால் அதிலும் பத்தில் ஒன்று. இவ்வளவு எளிய முறையில் இத்தனை நுட்பம் கிடைப்பது உண்மையிலேயே வியப்புக்குரியது.

வெப்பம் காக்கும் உறைக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிக ஆஸிலேட்டரைச் சில மணி நேரமாவது, முடிந்தால் ஒரு நாள் முழுவதும், மின்னிணைப்பில் வைத்த பிறகே அளக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். புவியீர்ப்பின் திசைகூட குவார்ட்ஸைப் பாதிக்கும் என்பதால், பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினாலே அலை நகரும் வேகம் மாறக்கூடும். ஆகவே அளவு முடியும்வரை பெட்டியை அசைக்காதீர்கள். மின்விசிறிக் காற்றும் அதன்மேல் பட வேண்டாம்.