தோட்டத்து வீட்டில் குடும்பம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டை ஒட்டித் தோட்டம், தோட்டத்தை ஒட்டித் தொழுவம் என்று வாழும் குடும்பங்கள் தடுமாறும்போது மழையையும் மண்ணையும்தான் பலரும் காரணம் சொல்வார்கள். அவையும் காரணம்தான். ஆனால் நான் பார்த்தவரையில் பல வீடுகளில் மண்ணுக்கு முன்பே ஆட்கள் களைத்துப்போகிறார்கள். தள்ளிப்போட முடியாத வேலைகள் கூடிக்கொண்டே போகின்றன. செய்யும் கைகள் மட்டும் அதே எண்ணிக்கையில் நிற்கின்றன. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதல் வருடமே அகலக் கால் வைப்பது

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஆசை அதிகம். கோழி வாங்குகிறார்கள், ஆடு வாங்குகிறார்கள், ஒரு கறவை மாடும் வருகிறது, கூடவே தேனீப் பெட்டி. வாங்கும்போது விலையைக் கணக்குப் பார்க்கிறோம், நேரத்தைப் பார்ப்பதில்லை.

கோழியையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் திறந்துவிட வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், தீவனம் வைக்க வேண்டும், முட்டை எடுக்க வேண்டும், அந்தியில் எண்ணிப் பார்த்து அடைக்க வேண்டும். எல்லாம் சேர்த்து நாளுக்கு அரை மணி நேரம் என்று வையுங்கள். வருடத்துக்கு 180 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. நாளுக்கு 8 மணி நேர வேலை என்றால் கிட்டத்தட்ட 23 முழு நாட்கள். இருப்பதிலேயே சுலபமான கோழிக்கே இவ்வளவு.

கறவை மாடு என்றால் காலையும் மாலையும் கறக்க வேண்டும். ஒரு கன்றுக்குச் சுமார் 10 மாதம் கறப்பதாக வைத்தால் 600 தடவைக்கு மேல் மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். வெயில் காலத்தில் பால் மாடு நாளுக்கு 100 லிட்டர் தண்ணீர்கூடக் குடிக்கும். குழாய் இல்லாத தொழுவத்தில் அது பத்து வாளி. யார் தூக்குவது? மாடு வருவதற்கு முன்பே இதற்குப் பதில் இருக்க வேண்டும். ஆட்டைத் தனியாக வளர்க்க நினைப்பது இன்னொரு தவறு. அது கூட்டமாக வாழும் பிராணி. ஒற்றை ஆடு கத்திக்கொண்டே இருக்கும், வேலியைத் தாண்டப் பார்க்கும். சரி, இரண்டு வாங்கினால் சினைக்காலம் ஐந்து மாதம்தான். இரட்டைக் குட்டியும் சாதாரணம். அடுத்த வருடம் இரண்டு ஆறாகி நிற்கும்.

கோழி தினமும் முட்டையிடும் என்ற எதிர்பார்ப்பும் ஏமாற்றும். பகல் வெளிச்சம் நாளுக்கு 14 மணி நேரத்துக்குக் குறைந்தால் முட்டை குறையும். இறகு உதிர்க்கும் காலத்தில் பெரும்பாலும் நின்றே போகும். கோழிக்கு நோய் என்று பயந்து மருந்து தேடி அலைய வேண்டாம். அந்த வாரங்களிலும் தீவனச் செலவு உண்டு என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

என் கருத்து இதுதான்: ஒரு வருடத்தில் ஒரு புது வகை உயிர் போதும். கோடை, மழை, குளிர் மூன்றையும் அதோடு கடந்த பிறகு அடுத்ததைப் பற்றிப் பேசலாம்.

எல்லா வேலையும் ஒரே ஆளின் கையில் இருப்பது

"வேலையெல்லாம் பகிர்ந்துதான் செய்கிறோம்" என்று சொல்லும் வீடுகளில்கூட ஒரு வாரம் குறித்துப் பார்த்தால் வேறு படம் தெரியும். உழுவதும் வேலி கட்டுவதும் கண்ணுக்குத் தெரியும் வேலை. ஒரு நாள் செய்தால் முடிந்தது. செய்தவருக்குப் பேரும் கிடைக்கும். பாத்திரம் கழுவுவது, விதையைக் காயவைத்து எடுத்து வைப்பது, நோஞ்சான் குட்டிக்கு இரவில் எழுந்து பால் ஊட்டுவது, எந்த ஆடு எப்போது ஈனும் என்று நினைவில் வைத்திருப்பது ஆகியவை முடிவதே இல்லை. பெரும்பாலும் இவை வீட்டுப் பெண் ஒருவரின் தலையில் விழுகின்றன. ஒரு நோட்டை அடுப்படியில் தொங்கவிட்டு, ஒரு வாரம் யார் எதைச் செய்தார்கள் என்று எழுதுங்கள். வாய்ச்சண்டையில் தீராத விஷயம் அந்தப் பக்கத்தைப் பார்த்தவுடன் பேசக்கூடியதாக மாறிவிடும்.

இதில் மாட்டுக்கும் பங்கு உண்டு. மாடு பாலை இறக்குவதற்கு அதன் உடலில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்க வேண்டும். பழகிய கை, பழகிய சத்தம், மடியைக் கழுவித் துடைக்கும் இதம் இவை இருந்தால் ஓரிரு நிமிடங்களில் மடி இறுகிப் பால் இறங்கும். மிரண்ட மாட்டிடம் அட்ரினலின் ஏறி அதைத் தடுத்துவிடும். தினமும் கறக்கும் ஒருவர் காய்ச்சலில் படுத்த அன்று, இதுவரை தொழுவத்துப் பக்கமே வராத ஆள் வாளியோடு போய் உட்கார்ந்தால் மாடு உதைக்கும், பாலை அடக்கும். மடியில் பால் தேங்கினால் மடிவீக்கம் வரும் வாய்ப்பு கூடும். ஆகவே இரண்டாவது ஆள் வாரத்துக்கு இரண்டு வேளையாவது கறந்து பழகியிருக்க வேண்டும், எல்லாரும் நன்றாக இருக்கும்போதே.

பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பதில்

பிள்ளைகள் தோட்ட வேலை செய்வது நல்லதுதான். சின்னக் குழந்தை முட்டை எடுக்கலாம், எடுத்தவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவப் பழகினால். பத்து வயதில் தண்ணீர் வைக்கலாம், தீவனம் போடலாம். படிக்கும் நேரத்தையும் தூங்கும் நேரத்தையும் வேலை தின்னக் கூடாது. பெரியவர்களின் கைப்பற்றாக்குறையைப் பிள்ளையின் தோளில் இறக்கி வைப்பது நியாயமில்லை.

சில இடங்களில் பிள்ளை இருக்கவே கூடாது. புதிதாய் ஈன்ற தாயும் குட்டியும் இருக்கும் இடம், காளையின் கொட்டில், தீவனம் வெட்டும் இயந்திரத்தின் பக்கம் போன்றவை அவை. டிராக்டரின் மட்கார்டில் பிள்ளையை உட்கார வைத்து ஒரு சுற்று போவதைப் பலரும் செல்லமாக நினைக்கிறார்கள். ஒரு குழியில் சக்கரம் இறங்கினால் பிள்ளை விழும் இடம் பின்சக்கரத்துக்கு முன்னால்தான். டிராக்டரின் பின்னால் சுழன்று மற்றக் கருவிகளை ஓட்டும் பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும், அதாவது ஒரு விநாடிக்கு 9 சுற்று. துணி நுனியோ கூந்தலோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. அது பெரியவர்களுக்கும் அப்படித்தான். மூடி கழன்ற தண்டோடு வேலை செய்யாதீர்கள்.

பூச்சிமருந்தைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். மிச்சம் கொஞ்சம்தானே, நாளைக்குத் தெளித்துவிடலாமே என்று தோன்றும். தாகத்தோடு ஓடி வரும் குழந்தைக்கு அது தண்ணீர் பாட்டில்தான். வாங்கிய டப்பாவிலேயே, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

இறைச்சிக்காக வளர்க்கும் பிராணி எது என்பதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பேர் வைத்துக் கொஞ்சி வளர்த்த குட்டி ஒரு நாள் பள்ளி விட்டு வரும்போது இல்லாமல் போனால் அந்தக் குழந்தை உங்கள் பேச்சை மறுபடி நம்ப நாளாகும்.

கிணற்றிலும் குழியிலும் இறங்குவது

இதை நிதானமாகப் படியுங்கள். நெடுநாள் மூடிக் கிடந்த கிணறு, சாணக் கரைசல் தேங்கும் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, தானியம் நிறைந்த மூடிய கிடங்கு இவற்றில் காற்று இருப்பதுபோலத் தோன்றும். சுவாசிக்கப் போதிய ஆக்சிஜன் இல்லாமல் இருக்கலாம். சாணம் அழுகும் இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு உருவாகிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் அந்த வாயு மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று இறங்குபவர் சில மூச்சுகளில் விழுந்துவிடலாம். மேலே இருக்கும் அண்ணன் பதறிப்போய் இறங்குவார், அவரும் விழுவார், அப்புறம் அப்பா. ஒரே குழியில் ஒரே குடும்பத்தில் பலர் இறப்பது இப்படித்தான்.

விளக்கை இறக்கிப் பார்ப்பதும் போதாது. அது ஆக்சிஜன் குறைவை மட்டும் ஓரளவு காட்டும், விஷவாயுவைக் காட்டாது. மீத்தேன் தேங்கிய சாணக்குழியில் அந்தச் சுடரே வெடிக்கச் செய்யும். யாராவது உள்ளே விழுந்துவிட்டால், எவ்வளவு துடித்தாலும், மூச்சுக் கருவி இல்லாமல் பின்னால் இறங்காதீர்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். உள்ளே விழுந்த பம்ப்செட் பொருளுக்காக, வாளிக்காக, கோழிக்காக இறங்குவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். இந்த விதியை வீட்டில் எல்லாருக்கும், விருந்தினராக வரும் இளைஞர்களுக்கும், சொல்லி வையுங்கள்.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரி என்று நம்புவது

கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் எருக்குழியிலிருந்தும் உரமிட்ட வயலிலிருந்தும் இறங்கும் நைட்ரேட் கொதித்தால் போகாது. தண்ணீர் ஆவியாவதால் அது இன்னும் செறிவாகும். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் உள்ள தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கிணற்றுத் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். எருக்குவியலும் கழிப்பறைக் குழியும் கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டராவது தள்ளி, தாழ்வான பக்கத்தில் இருக்கட்டும்.

பாலுக்குக் கொதிக்க வைப்பது கட்டாயம். நம் வீட்டு மாடு, கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்பது போதாது. பால் வழியாக மனிதருக்கும் தொற்றும் புருசெல்லோசிஸ் நோய் உள்ள மாடும் பார்க்க நன்றாகவே இருக்கலாம். கர்ப்பிணிகள் ஆடு மாடு ஈனும் இடத்திலும் நஞ்சுக்கொடியைத் தொடும் வேலையிலும் இருக்க வேண்டாம். கையுறை போட்டு வேறொருவர் செய்யட்டும். தேன் வீட்டிலேயே எடுத்ததாக இருந்தாலும் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் துளியும் கூடாது. டெட்டனஸ் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது, துரு காரணமில்லை. பெரியவர்களும் 10 வருடத்துக்கு ஒரு முறை ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

காய்ந்துவிட்டது என்று கையால் பார்த்து மூட்டை கட்டுவது

விளைந்த தானியம் கைக்கு மொரமொரவென்று இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கலாம். வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. காய்ந்த கண்ணாடி பாட்டிலில் நன்றாக உலர்ந்த தூள் உப்பைக் கொஞ்சம் போட்டு, மூன்றில் ஒரு பங்கு வரை தானியத்தை நிரப்பி, இறுக மூடி ஒரு நிமிடம் குலுக்குங்கள். கால் மணி நேரம் அப்படியே வையுங்கள். உப்பு கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். மறுபடி காயப்போட வேண்டும். ஒட்டாவிட்டாலும் நெடுநாள் வைக்க நினைத்தால் இன்னும் ஒரு வெயில் காட்டுவது நல்லது.

பூஞ்சணம் பிடித்ததை வீணாக்க மனமில்லாமல் கோழிக்கும் மாட்டுக்கும் போடுவது பல வீடுகளில் நடக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. அவற்றுக்குக் கொடுத்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சு இருந்தது பிறகு தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்று பேர் பெற்றது அதுதான். கழுவினாலும் சமைத்தாலும் அது முழுதாகப் போகாது, கல்லீரலைக் கெடுக்கும். மாடு தின்றால் அதன் ஒரு பகுதி பாலில் இறங்கி மறுபடி உங்கள் வீட்டு டம்ளருக்கே வரும்.

மட்காத பச்சைச் சாணத்தைக் கீரைப் பாத்தியில் போடுவதும் இதே ரகம். மண்ணைத் தொட்டு வளர்ந்து பச்சையாகத் தின்னும் காய்களுக்கு, சாணம் போட்டதிலிருந்து அறுவடைக்கு 120 நாளாவது இடைவெளி விடுங்கள்.

ஓய்வுக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் இடம் விடாதது

வீடும் வேலையிடமும் ஒன்றாக இருப்பதால் கணவன் மனைவி பேச்சு முழுக்க வேலி, மோட்டார், தீவனம் என்றே போய்விடும். ராத்திரிச் சாப்பாட்டில் வேலைப் பேச்சு வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் நல்லது. வேலைக்கு வாரத்தில் ஒரு நாள் காலையில் உட்கார்ந்து பேசலாம். ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு அரைநாள் தொழுவத்தை எட்டிப் பார்க்காத நேரம் வேண்டும், முக்கியமாக அந்த நோட்டில் அதிக வரி பிடித்திருப்பவருக்கு.

குடும்பமாக வெளியூர் போக முடியவில்லை என்பது பலரின் குறை. பக்கத்து வீட்டுக்காரர் உதவத் தயாராக இருந்தாலும், "அவருக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பக் கூடாது. எழுதிக் கொடுங்கள். எந்தத் தொட்டிக்கு எந்த வால்வு, தீவனம் எத்தனை படி, கோழி எத்தனை உருப்படி, எந்தக் கதவின் தாழ்ப்பாளைத் தூக்கித்தான் போட வேண்டும், எது சினை, எந்த மாட்டுக்கு மருந்து கொடுத்திருப்பதால் பாலை எத்தனை நாள் கொட்ட வேண்டும், கால்நடை மருத்துவர் எண் என்ன. கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை அவரை வரவழைத்து, நீங்கள் கை வைக்காமல், எல்லா வேலையையும் அந்தத் தாளைப் பார்த்து அவரே ஒரு தடவை செய்யட்டும். அவர் திகைத்து நிற்கும் இடத்தில் தாளில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும்.